முப்பத்தொன்றும் நாற்பத்தொரு சைபரும்

மலாக்கா முத்தமிழ் விஞ்ஞான மன்றத்தில் ஒரு தொலைநோக்கி இருந்தது. 1951இல் கப்பலிலிருந்து இறங்கிய நாள் முதல் அதன் வழியாக யாரும் எதையும் பார்த்ததில்லை. கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். சரஸ்வதி பூசையன்று மட்டும் வெளியே எடுத்து, மாலை போட்டு, முன்பக்கத்துப் பெரிய கண்ணாடியின் நடுவில் சந்தனப் பொட்டிட்டு, மறுநாள் பழையபடி பூட்டிவிடுவார்கள். பொட்டைத் துடைக்கக் கூடாது என்பது ஐதீகம். ஆண்டுக்கொரு பொட்டு ஏறியது.

மன்றம் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. அதற்கு அறுபத்திரண்டு விதிகள். மாலை, நாற்காலி, வரவேற்புரை, நன்றியுரை ஆகியவற்றுக்கு மட்டும் ஐம்பத்தெட்டு. விஞ்ஞானத்துக்கு ஒன்று: 'கூட்டத்தில் நேரம் மிஞ்சினால் விஞ்ஞானம் பற்றியும் பேசலாம்.' அத்தனை விதிகளையும் எழுதியவர் தலைவர் பொன்னுதுரை. ரப்பர் தோட்டத்தில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் அவர் சொன்னதை முந்நூறு பேர் கேட்டார்கள். ஓய்வுக்குப் பிறகு கேட்க ஆள் வேண்டியிருந்ததால் மன்றம் பிறந்தது.

இந்த மன்றத்தின் படியில் சந்திரமதி கால் வைத்தது 1957 தொடக்கத்தில். தன் விதி என்றுதான் அதைப் பின்னாளில் அவள் சொல்வாள். எத்தனையாவது விதி என்று சொல்வதில்லை.

அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. போருக்கு முன்பு சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவள். கணக்கில் பள்ளியிலேயே முதல். ஜப்பான்காரன் வந்ததில் மேற்படிப்பு போயிற்று, பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளை அவன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. பதினோரு ஆண்டுகளாகக் காஜா பேராங் சாலையில் தனபாலனின் படக்கடையில் டச்சிங் வேலை. கண்ணாடி நெகடிவின் மேல் குனிந்து, ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, ஊசிபோலச் சீவிய பென்சிலால் அடுத்தவர் முகத்து அம்மைத் தழும்புகளை மறைப்பாள்.

கடையிலிருந்த பழைய லென்சில் ஒரு குறை உண்டு. குழுப்படம் எடுத்தால் ஓரத்தில் நிற்பவர்களின் முகம் இம்மி நீண்டு விழும். ஒரு முகத்தைப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது. நீள முகம் பலருக்கு இயல்பிலேயே அமைவது. ஆனால் ஓரத்தில் நின்ற ஐந்நூறு முகங்களை அளந்து சராசரி எடுத்தால், மனிதர்களின் கோணல்கள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, லென்சின் கோணல் மட்டும் மிஞ்சி நிற்கும். ஒரு மழைக்காலம் முழுவதும் இருந்து சந்திரமதி அதை அளந்தே காட்டினாள்.

முதலாளி தனபாலன் மலாக்காச் செட்டி வம்சத்தவர், பல தலைமுறைக்கு முன் குடியேறிய தமிழர் வழி. கோயிலில் தேவாரம் கேட்டால் கண் கலங்குவார். வீட்டிலும் கடையிலும் பேசுவது மலாய். அவள் நீட்டிய தாளைப் பார்த்துவிட்டு, "தா பாயா லா, சந்திரா," என்றார். மெனக்கெடாதே என்று அர்த்தம். லென்சை மாற்றவும் இல்லை.

பிறகு ஒருநாள் நூலகத்தில் ஓர் ஆங்கில விஞ்ஞான இதழ் அவள் கையில் அகப்பட்டது. வானத்தில் நம் பால்வீதியைப் போலக் கோடானுகோடி விண்மீன் மண்டலங்கள் இருக்கின்றன. அவை கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து வாழ்கின்றன. கூட்டத்துக்குள் அவை ஓடுகிற வேகத்தைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரிகிற விண்மீன்களின் எடை அவற்றைப் பிடித்து வைக்கப் போதாது. தெரியாத எடை ஏதோ அங்கே இருந்தாக வேண்டும் என்று ஒரு கட்டுரை சொன்னது. எடை ஒளியை வளைக்கும் என்றும் அதே கட்டுரை சொன்னது.

சந்திரமதி இதழை மூடி வைத்தாள். அப்படியானால் அந்தக் கூட்டம் ஒரு லென்ஸ். அதற்குப் பின்னால், இன்னும் தூரத்தில் கிடக்கிற மண்டலங்கள்தாம் முகங்கள். அந்த முகங்கள் கூட்டத்தைச் சுற்றி இம்மி நீண்டிருக்கும். ஒன்றைப் பார்த்தால் தெரியாது. ஐந்நூறை அளந்தால் நடுவிலிருக்கிற கூட்டத்தின் எடை, தெரிந்ததும் தெரியாததும் சேர்த்து, வெளியே வந்துவிடும். உலகத்தில் இதைச் செய்யத் தேவையான பொறுமை ஒருவருக்கு இருக்குமென்றால் அது தனக்குத்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அதில் பிழையும் இல்லை.

முதலில் வீட்டிலேயே சோதித்தாள். கறுப்பு வெல்வெட்டில் வெள்ளை எள்ளை இறைத்து, அதன்மேல் தடித்த சோடா பாட்டிலின் அடிப்பாகத்தை ஏந்திப் பிடித்துப் படமெடுத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு எள்ளின் நீளத்தையும் சாய்வையும் பூதக்கண்ணாடியில் அளந்தாள். அந்தச் சாய்வுகளை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டில் கண்ணாடியின் வளைக்கும் சக்தியைக் கணக்கிட்டபோது இருபத்தேழு என்று விடை வந்தது, நான்கு கூடலாம் குறையலாம். நேரடியாக அளந்து பார்த்ததில் இருபத்தைந்து. அன்று மாலை அவள் காஜா பேராங் சாலையில் தன்னந்தனியாகச் சிரித்துக்கொண்டு நடந்ததைப் பலர் பார்த்தார்கள்.

இனி வேண்டியது உண்மையான வானத்தின் படத்தகடுகள். அமெரிக்காவில் ஒரு பெரிய வானாய்வு நிலையத்துக்கு எழுதினாள். மூன்று மாதம் கழித்து மரியாதையான பதில் வந்தது: தகடுகளின் பிரதியை இரவலாகத் தர முடியும், விண்ணப்பம் அந்த ஊரில் பதிவு பெற்ற ஓர் அறிவியல் கழகத்தின் மூலம் வர வேண்டும்.

மலாக்காவில் அப்படிப் பதிவு பெற்றிருந்தது ஒன்றுதான்.

மன்றச் செயலாளர் மருதப்பன் அவளை வரவேற்று உட்கார வைத்தார். பகலில் ஓர் அச்சகத்தில் கணக்கெழுதுபவர். எந்தப் பக்கம் காற்று அடிக்கிறதோ அந்தப் பக்கம் தலையாட்டும் சுபாவம்.

"கடுதாசிதானே, குடுத்திரலாம்மா. ஆனா உறுப்பினருக்குத்தான் குடுக்க முடியும்."

"அப்ப நான் உறுப்பினரா சேர்ந்துக்கறேன் சார்."

"பொம்பளைங்க மாதர் பிரிவுல சேரலாம். மாதர் பிரிவு மன்றத்துல சேர்த்தி இல்ல."

"மாதர் பிரிவு என்ன செய்யும் சார்?"

"வடை," என்றார் மருதப்பன். பிறகு அது குறைவாகத் தோன்றியதோ என்னவோ, "விழா நாள்ல கேசரியும்," என்றார்.

எல்லாவற்றுக்கும் வழி உண்டு என்றும் அவரே சொன்னார். ஒரு விஞ்ஞானக் கட்டுரை எழுதிக் கொடுத்து, அதைச் செயற்குழு ஏற்றுக்கொண்டால் விசேஷ உறுப்பினராகச் சேர்க்கலாமாம். சந்திரமதி பதினாறு பக்கத்தில் கட்டுரை எழுதினாள். எள் சோதனையைப் பற்றி விளக்கமாக எழுதி, தகடுகள் கிடைத்தால் வானத்திலும் இதைச் செய்ய முடியும் என்று முடித்திருந்தாள்.

செயற்குழுவில் தலைவரோடு சேர்த்துப் பதினொரு பேர். அவர்கள் முன் அவள் ஒரு கோடு போட்ட தாளை விரித்து, பாட்டில் அடிப்பாகத்தை அதன்மேல் நகர்த்திக் காட்டினாள். கோடுகள் வளைந்தன. குழுவினர் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் பாட்டிலைப் பார்த்தார்.

"எடை போடறதா சொல்றே. தராசு எங்கம்மா?" என்றார் பொன்னுதுரை.

"தராசு இல்லாமத்தான் ஐயா. பின்னால இருக்கறதோட சாய்வ வச்சே கண்டுபிடிக்கலாம். ஒண்ணைப் பாத்தா கண்ணுக்குத் தெரியாது. நூத்துக்கணக்குல பாத்தா தெரியும்."

"ஒண்ணா இருந்தா தெரியாது, ஆயிரமா இருந்தா தெரியும். அதாவது தனி ஆளுக்கு மதிப்பு இல்ல, மன்றத்துக்குத்தான் மதிப்புன்னு சொல்றே."

அவள் சொன்னது அதுவல்ல. ஆனால் மற்றப் பத்துப் பேரும் கை தட்டிவிட்டார்கள். கட்டுரை திருத்தத்துக்கு ஏற்கப்பட்டது.

திருத்தம் பதினான்கு மாதம் நடந்தது. விதி நாற்பதின்படி ஒவ்வொரு திருத்தமும் தலைவரின் கையொப்பமும் மன்ற முத்திரையும் பெற்ற தாளில் எழுதியவருக்கு அனுப்பப்பட வேண்டும். அப்படி ஒன்பது தாள்கள் சந்திரமதிக்கு வந்தன. ஒன்றையும் அவள் தூக்கிப் போடவில்லை.

முதல் தாள், 'ஏறத்தாழ' என்ற சொல் கட்டுரையில் முப்பத்திரண்டு இடங்களில் வருவதாகவும், மன்றம் எதையும் ஏறத்தாழச் சொல்வதில்லை என்பதால் அவ்வளவையும் 'திட்டவட்டமாக' என்று மாற்றும்படியும் சொன்னது. இரண்டாவது தாளில், 'நான்கு கூடலாம் குறையலாம்' என்பதை நீக்கச் சொல்லியிருந்தது. மன்றத்தின் வெளியீட்டில் பிழை இருப்பதாக மன்றமே எப்படி அறிவிக்க முடியும் என்று தலைவர் ஓரத்தில் கேட்டிருந்தார். ஐந்தாவது தாள் எள்ளைப் பற்றியது. எள் இழவு வீட்டுப் பொருள், கட்டுரையின் கண்ணியத்துக்குப் பொருந்தாது, அந்தப் பகுதி முழுவதையும் எடுத்துவிடவும். எள் வருகிற மற்ற இடங்களில் 'விண்மீன் மண்டலம்' என்றும், பாட்டில் வருகிற இடங்களில் 'மண்டலக் கூட்டம்' என்றும் போடவும்.

அவள் மன்றத்துக்கு ஓடினாள்.

"ஐயா, எள்ளை எடுத்துட்டா அது பொய்யாயிரும். நான் இன்னும் வானத்த அளக்கவே இல்ல."

"அதான் மண்டலம்னு மாத்தியாச்சே. இனி அளந்த மாதிரித்தானே," என்றார் பொன்னுதுரை.

ஏழாவது தாள் அலகு பற்றியது. நாடு விடுதலை பெற்றுவிட்டது, எடையை நம் நாட்டு அலகான பிக்குலில் சொல்ல வேண்டும். எட்டாவது தாள் எண்ணைப் பற்றியது. இருபத்தேழு என்பதில் ஒரு பெருமையும் இல்லை. விடுதலை நாளான ஆகஸ்டு முப்பத்தொன்றை நினைவுகூரும் வகையில் முப்பத்தொன்று என்று வைக்கவும். ஒன்பதாவது, முப்பத்தொன்று பிக்குல் என்றால் ஒரு லாரிச் சுமைக்குக்கூட வராது என்று குழுவில் ஒருவர் சுட்டிக்காட்டியதால், பின்னால் தேவையான சைபர்களைச் சேர்க்கவும். எத்தனை என்று கேட்டு அவள் எழுதியதற்கு மருதப்பன் அஞ்சலட்டையில் பதில் போட்டார்: 'வரி முடியும்வரை.'

1958 ஆகஸ்டில், விடுதலையின் முதல் ஆண்டு நிறைவுக்கு மன்றம் வெளியிட்ட மலரில் கட்டுரை வந்தது. அச்சகத்தார் முப்பத்தொன்றுக்குப் பின்னால் நாற்பத்தொரு சைபர் போட்டிருந்தார்கள். வரி அழகாக நிரம்பியிருந்தது. தலைப்புக்குக் கீழே 'விஞ்ஞானச் செம்மல் பொன்னுதுரை' என்று இருந்தது. சந்திரமதியின் பெயர் எங்காவது இருக்கிறதா என்று அவள் பக்கம் பக்கமாகத் தேடினாள். கடைசிப் பக்கத்தில் இருந்தது. 'சிற்றுண்டி உதவி' என்ற தலைப்பின் கீழ் ஏழாவது பெயர். அவள் ஒரு வடைகூடச் சுட்டுக் கொடுத்ததில்லை.

மலரைக் கையில் சுருட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். பொன்னுதுரை மாலை நாளிதழைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இது நான் எழுதினது."

"எழுதினது நீதான். யாரு இல்லன்னா?" அவர் நாளிதழை இறக்கவில்லை. "தோட்டத்துல மூணு லட்சம் மரம். பால் எடுத்தது ஆளுங்க. கப்பல்ல போறப்ப பெட்டி மேல யாரு பேரு இருந்துச்சு? கம்பெனி பேரு. அதுதாம்மா முறை. எண்ணம் மன்றத்தோடது. மன்றம்னா அது நான்."

"அப்ப அந்தக் கடுதாசி?"

"பாப்போம். நீ முதல்ல இந்த வேலையப் பாரு. ஜாவாலேர்ந்து ஒரு வெள்ளைக்கார வானநூல் டாக்டர் வர்றாரு. அவரு முன்னால நான் பேசப்போறேன். இந்தக் கட்டுரைக்கு உண்டான படத்தப் பெருசு பண்ணிக் குடு."

இந்தக் கட்டுரைக்கு உண்டான படம் என்று உலகத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. அது எள்.

மறுநாள் காலை அவர் கடைக்கே வந்து, படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கறுப்பில் நூற்றுக்கணக்கான வெள்ளைப் புள்ளிகள். படத்தின் ஓரத்தில் 'வெள்ளை எள், கறுப்பு வெல்வெட், சோடா பாட்டில்' என்று அவள் கையெழுத்தில் பளிச்சென்று இருந்தது. "ஓரத்துல கிறுக்கல் அசிங்கமா இருக்கு. தங்கக் கலர் சட்டம் போட்டு மறைச்சிரு," என்றார். பிறகு எல்லாவற்றிலும் பெரியதாக, நடுவிலிருந்து சற்று விலகி, கிளைகள் விரித்தாற்போல் கம்பீரமாகத் தெரிந்த ஒன்றின்மேல் விரலை வைத்தார்.

"இதுக்குப் பேரு இருக்கா?"

"நம்பர்தான் ஐயா. இருநூத்து முப்பத்தெட்டு. கணக்குல சேக்கல. அது என்னன்னா…"

"என்னன்னு நீ எனக்குச் சொல்லணுமா?" பொன்னுதுரை புன்னகைத்தார். "இதுக்கு என் பேர வச்சிரலாம். பொன்னுதுரை மண்டலம்."

அது எறும்பு. எள்ளின் வாசனைக்கு ஏறி வந்து, படம் பிடிக்கிற நேரத்தில் விளக்கொளியில் மின்னியபடி அசையாமல் நின்றுவிட்டது.

அவர் போன பிறகு, எல்லாவற்றையும் இருட்டறைக் கதவருகிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த தனபாலன் மெல்ல வந்தார். "நீ அவரிடம் சொல்லிவிடுவாய்தானே?" என்று மலாயில் கேட்டார்.

"கேட்டால் சொல்வேன்," என்றாள் சந்திரமதி. அவள் குரல் சாதாரணமாக இருந்தது. அன்று பிற்பகல் முழுவதும் அவள் மூன்றடி அகலத்துக்கு அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள். பன்னிரண்டு ஆண்டில் இவ்வளவு அக்கறையாக அவள் எந்தப் படத்தையும் அச்சிட்டதில்லை. எறும்பின் கால்கள் மங்கலாக இருந்தன. அவற்றை மட்டும் இன்னும் தெளிவாக விழச் செய்தாள். பொய்யாக ஒரு கோடுகூடச் சேர்க்கவில்லை. உள்ளதைத்தான் துலக்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கூட்டம். டாக்டர் ரூலோஃப்ஸ் ஒல்லியாக உயரமாக இருந்தார். ஜாவா மலைமேல் ஒரு வானாய்வு நிலையத்தில் இருபது ஆண்டு வேலை பார்த்துவிட்டு, அங்கே டச்சுக்காரர்களைப் போகச் சொல்லிவிட்டதால் ஊர் திரும்புகிற வழியில், பாட்டன் காலத்து டச்சுக் கல்லறைகளைப் பார்க்க மலாக்காவில் இறங்கியவர். மன்றத்தார் அவரை விடுதியிலிருந்து ஏறக்குறைய தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

மூன்று மாலை விழுந்தது. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, முன்னிலை வகித்த நால்வரின் முன்னிலையுரை எல்லாம் முடிய ஐந்தே கால் ஆயிற்று. பிறகு பொன்னுதுரை எழுந்தார்.

"அண்டங்களை அளந்தவன் எவன்? ஆகாயத்தை நிறுத்தவன் எவன்? ஐரோப்பியன் திகைத்தான், அமெரிக்கன் தவித்தான், அன்புத் தமிழன் அளந்தான். எத்தனை பேர் கேட்டார்கள், ஐயா, நீங்கள் வானநூல் படித்தீர்களா என்று. படிக்கவில்லை. படித்தவனுக்குச் சந்தேகம் வரும். எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. தொலைநோக்கியில் பார்த்தீர்களா என்றார்கள். பார்க்கவில்லை. பார்த்துத் தெரிந்துகொள்வது பாமரன் வழி. இந்தக் கூட்டத்தின் எடை முப்பத்தொன்று. பின்னால் நாற்பத்தொரு சைபர். ஒரு சைபர் கூடவும் இல்லை, ஒரு சைபர் குறையவும் இல்லை. ஒவ்வொரு சைபரும் இந்த மன்றத்தின் உழைப்பு."

கைதட்டல் அடங்கியதும், தங்கச் சட்டமிட்ட படத்தின் திரையை விலக்கினார். கோலால் பொன்னுதுரை மண்டலத்தைத் தொட்டுக் காட்டினார். சபை எழுந்து நின்று தட்டியது.

டாக்டர் ரூலோஃப்ஸ் பாக்கெட்டிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு படத்தின் அருகே போனார். அங்கேயே வெகுநேரம் குனிந்து நின்றார். பிறகு நிமிர்ந்து பேசினார். இருபது ஆண்டு ஜாவாவில் இருந்தவர் என்பதால் பேசியது மலாய். சபையில் எல்லோருக்கும் மலாய் தெரியும். ஆனால் வெளிநாட்டார் பேச்சு மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்று விதி இருந்ததால் மருதப்பன் பக்கத்தில் வந்து நின்றார்.

டாக்டர் சொன்னது ஒரே சொல். "செமுட்."

செமுட் என்றால் எறும்பு. மருதப்பன் தலைவரின் முகத்தைப் பார்த்தார். "செம்மை உடையது என்று டாக்டர் பாராட்டுகிறார்," என்றார்.

"இதற்கு ஆறு கால் இருக்கிறது," என்றார் டாக்டர், மலாயில், இன்னும் தெளிவாக.

"ஆறு சுருள் கைகள் கொண்ட அபூர்வ மண்டலம் என்கிறார்."

பின்வரிசையில் முதலில் சிரித்தது தனபாலன். அதை அவரே பிறகு பல ஆண்டுகள் பெருமையாகச் சொல்லித் திரிந்தார். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. பொன்னுதுரை மட்டும், மொழிபெயர்ப்பைத் தவிர வேறெதையும் காதில் வாங்காமல், சிரிப்பைக் கைதட்டலின் இன்னொரு வகை என்று எடுத்துக்கொண்டு தலை வணங்கினார்.

டாக்டர் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் மலாயில் விளக்கிச் சொல்லியிருந்த மலரைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டுரையின் கடைசியில் இருந்த அட்டவணையைக் காட்டினார். நானூற்றுச் சொச்சம் சாய்வுகள். திருத்தக் குழுவுக்கு எண்கள் புரியாததால் அது மட்டும் தப்பிப் பிழைத்திருந்தது. "இந்த எடைகூட உண்மைக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. எப்படி என்றுதான் பயமாக இருக்கிறது," என்றார். "ஆனால் இந்த அட்டவணை அசல் வேலை. இதை அளந்தது யார்?"

வடைத் தட்டுகளின் பக்கத்தில் நின்றிருந்த சந்திரமதி முன்னால் வந்தாள். அவள் கைப்பையில் ஒன்பது தாள்கள் இருந்தன.

"நான்தான் அளந்தேன், துவான். அது எள்ளு," என்று மலாயில் சொன்னாள். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பி, தமிழில், "ஏன் எள்ளு மண்டலம் ஆச்சுன்னு படிக்கிறேன்," என்றாள்.

"இந்தாம்மா, போய் உக்காரு," என்றார் பொன்னுதுரை.

"ஐயா கையெழுத்துத்தான் ஐயா. முத்திரையும் இருக்கு."

அவள் படித்தாள். நிதானமாக, ஒவ்வொரு தாளின் தேதியையும் எண்ணையும் சொல்லி, கடைசியில் 'ஒப்பம், பொன்னுதுரை, தலைவர்' என்பதையும் விடாமல் படித்தாள். இரண்டாவது தாளிலேயே சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டது. ஐந்தாவது தாளில் முன்வரிசையிலிருந்த செயற்குழுவினர் தரையைப் பார்த்தார்கள். பொன்னுதுரை மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். கழுத்து மாலை தாடை வரைக்கும் ஏறி அவர் வாயை மறைத்தது. அவள் அப்போது நிறுத்தியிருக்கலாம். போதும் என்று ஒரு குரல் உள்ளே சொல்லவும் சொன்னது. அவள் கேட்கவில்லை. ஒன்பதாவது தாளை இரண்டு முறை படித்தாள். மருதப்பனின் அஞ்சலட்டையையும் படித்தாள். முகங்களைத் திருத்தித் திருத்தியே வயது போன ஒருத்திக்கு, ஒரு முகம் தன் கண்ணெதிரே உள்ளது உள்ளபடி வெளியாவதைப் பார்ப்பதில் இப்படி ஒரு சுகம் இருக்கும் என்று அதுவரை தெரியாது.

கூட்டம் கலைந்த பிறகு டாக்டர் அவளோடு படியிறங்கினார். முறை சரியானது என்றார். யாரும் இதுவரை செய்யவில்லை என்றார். பிறகு தயங்கினார்.

"ஆனால் வானத்துத் தகடுகளில் இது தெரியாது. நீங்கள் தேடுகிற சாய்வைவிடக் காற்று படத்தை அதிகமாகக் கலைத்துவிடுகிறது. தகட்டில் பூசிய வெள்ளி மணிகளும் அப்படித்தான். இன்னும் முப்பது நாற்பது ஆண்டு ஆகலாம்."

"நான் இன்னும் தகட்டைப் பார்க்கவே இல்லை, துவான்."

"பார்த்தாலும் தெரியாது."

"பார்த்துவிட்டுத் தெரியாமல் போகட்டும்," என்றாள் அவள். அவர் தன் பூதக்கண்ணாடியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரத்தில் பாசாரில் மன்றத்துக்கு எள்ளுருண்டை மன்றம் என்று பெயர் வந்துவிட்டது. மீன்காரர்கூடச் செயற்குழுவினரைப் பார்த்தால், "அண்ணே, இந்தச் சுறா எத்தனை சைபர்?" என்றார். எட்டாம் நாள் மாலை மருதப்பன் படக்கடைக்கு வந்தார்.

"உங்கள நீக்கப் போறாங்கம்மா."

"நான் உறுப்பினரே இல்லியே சார்."

"அதான் சிக்கல். உறுப்பினரா இல்லாதவங்கள நீக்க விதியில இடமில்ல. அதனால ஞாயித்துக்கிழமை முதல்ல உங்கள முழு உறுப்பினரா சேக்கறது, அடுத்த தீர்மானத்துல நீக்கறது. தலைவர் முடிவு." அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டுக்கும் நடுவுல ஒரு கால்மணி நேரம் இருக்கு. புது உறுப்பினருக்கு ஏற்புரைக்கு உரிமை. ஏற்புரையில தீர்மானமும் கொண்டு வரலாம். அவரே எழுதின விதி. தலைவர் மேல நம்பிக்கை இல்லன்னு யாராச்சும் முன்மொழிஞ்சா நான் வழிமொழிவேன். ஆறு பேரு என் பக்கம். முன்மொழியத்தான் ஒருத்தருக்கும் தைரியம் இல்ல."

சந்திரமதி கண்ணிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்தாள். அந்த அஞ்சலட்டை இவர் கையெழுத்து என்பதை அவள் மறக்கவில்லை. இவரும் ஒருநாள் மாட்டுவார். ஆனால் இன்று அல்ல.

"கடுதாசி?" என்றாள்.

"அதுக்கென்ன, அப்பறமா…"

"இப்ப."

மருதப்பன் அச்சகத்துப் பையிலிருந்து மன்றத் தாளை எடுத்தார். அமெரிக்க வானாய்வு நிலையத்துக்கான பரிந்துரையை அவள் சொல்லச் சொல்ல எழுதி, ஒப்பமிட்டு, முத்திரை குத்தினார். தேதியை ஞாயிற்றுக்கிழமையாகப் போடும்படி அவள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கால்மணி நேரம் அவள் உண்மையிலேயே உறுப்பினர். பொய் எழுதி அனுப்ப அவளுக்கு விருப்பமில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முறைப்படி நடந்தது. சந்திரமதியை முழு உறுப்பினராகச் சேர்க்கும் தீர்மானம் நிறைவேறியது. புது உறுப்பினருக்குத் தலைவர் மாலையிட வேண்டும் என்று விதி இருந்ததால் பொன்னுதுரை அவளுக்கு மாலையிட்டார். மூன்று நிமிடத்துக்குக் குறையாமல் புகழ வேண்டும் என்றும் இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பற்களின் இடுக்கு வழியாக, அறிவுக் கடல் என்றும் மங்கையர் திலகம் என்றும் மூன்று நிமிடம் அவர் புகழ்ந்தார்.

சந்திரமதி ஏற்புரைக்கு எழுந்தாள். "நன்றி. தலைவர் மேல இந்த மன்றத்துக்கு நம்பிக்கை இல்லன்னு முன்மொழியறேன்," என்றாள்.

"வழிமொழிகிறேன்," என்றார் மருதப்பன்.

பொன்னுதுரை விதிப் புத்தகத்தைக் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தார்கள். பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் எழுதிய அறுபத்திரண்டு விதிகளில் இதைத் தடுக்க ஒன்றும் இல்லை. தோட்டத்தில் இப்படி ஒரு விதி தேவைப்பட்டதில்லை. ஆதரவாக எட்டுக் கைகள் உயர்ந்தன. எட்டாவது கை சந்திரமதியுடையது. எதிராக மூன்று. தலைவருக்கு வாக்கில்லை என்பதும் அவர் எழுதியதுதான்.

"இத்தனை வருஷம் நான் பாத்து வளத்த மன்றம்," என்றார் அவர். யாரும் அவரைப் பார்க்கவில்லை. சந்திரமதி மட்டும் பார்த்தாள், அவர் எழுந்து போய்க் கடைசிப் படி இறங்கும்வரை, வைத்த கண் வாங்காமல்.

மருதப்பன் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் அகலம் அவருக்குப் பிடித்திருந்தது தெரிந்தது. யாரோ அவருக்கு மாலையிட்டார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, இதுவரை அவரிடம் யாரும் கேட்டிராத ஒரு கனத்த குரலில், அடுத்த தீர்மானத்தைப் படித்தார்.

"மன்றத்தின் மாண்புக்கு ஊறு விளைவித்த உறுப்பினர் சந்திரமதியை நீக்குதல்." பிறகு சற்றே குனிந்து, பழைய குரலில், "தப்பா நெனைக்காதீங்கம்மா. நிகழ்ச்சி நிரல்ல அச்சடிச்சாச்சு," என்றார்.

"நினைக்கல சார்," என்றாள் சந்திரமதி.

ஆதரிப்பவர்கள் கை தூக்கும்படி மருதப்பன் சொன்னார். ஒன்பது கைகள் உயர்ந்தன. அவள் கடுதாசி இருந்த பையை மடியிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, பத்தாவதாகத் தன் கையையும் தூக்கினாள்.